கார்த்திகையில் படித்த ஆனி மாதக் கடிதம்

என் அம்மாவுக்கு ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அப்பா ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். நீலக் கடிதத்தைக் கையில் எடுத்ததுமே, மடிப்பையும் மூலையில் பட்ட எண்ணெய்க் கறையையும் பார்த்து, இது சித்திரையில் வந்தது, இது ஆனியில் வந்தது என்று சொல்லிவிடுவாள். முருகன் படத்துக்கும் சுவருக்கும் நடுவில் அவற்றைச் செருகி வைத்திருந்தாள். காலையில் சாமிக்குச் சூடம் காட்டும்போது கடிதங்களுக்கும் சேர்த்தே காட்டுவாள்.

அப்போது நாங்கள் சிராங்கூன் ரோட்டை ஒட்டி ஓர் ஐஸ் கம்பெனியின் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். குடும்பத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். அப்பா அந்தக் கம்பெனியில் ஐஸ் கட்டிகளை மரத்தூளில் புரட்டி, சாக்குச் சுற்றி, லாரியில் ஏற்றுகிற வேலை பார்த்தார். எனக்குத் தமிழ் எழுத்து அந்த மரத்தூளில்தான் வந்தது. ஒரு முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்து தரையில் பரப்பி, என் விரலைப் பிடித்து எழுத வைப்பார். இங்கிலீஷ் எழுத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வந்தது. லைனிலேயே இரண்டும் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷம், தைப்பூசம் முடிந்த மறுவாரம், அப்பா ஊருக்குக் கப்பலேறினார். ஊரில் வரப்புத் தகராறு. பங்காளிகள் நிலத்தை அமுக்கப் பார்க்கிறார்கள், நேரில் போனால்தான் ஆகும் என்றார். அந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, டோபி காட் தாண்டி டேங்க் ரோடு கோவில்வரை வெறுங்காலோடு நடந்தார். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டுதல். நல்லபடியாகப் போனார்.

கம்பெனியில் ஆறு மாத லீவு கொடுத்திருந்தார்கள். லீவில் போனவரின் குடும்பம் அறையிலேயே இருக்கலாம். வேலையை விட்டவரின் குடும்பம் மறுநாளே காலி செய்ய வேண்டும். இரண்டில் எது என்று சீன முதலாளி தவ்கேயிடம் போய்ச் சொல்கிற அதிகாரம் மண்டோரிடம் இருந்தது. ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியைத்தான் நாங்கள் மண்டோர் என்போம். ஆறு மாதம் முடிந்த பிறகு அவர் தயவில் எங்கள் அறை மாதம் மாதமாக நீண்டுகொண்டிருந்தது. கல்யாணமான மச்சான் மகன் ஒருவன் அவர் வீட்டு வாசலில் பாய் போட்டுப் படுத்திருந்தான். எங்கள் அறை எப்போது காலியாகும் என்று அவனுக்கும் காத்திருப்பு.

"என்ன தங்கச்சி, ஒன் வீட்டுக்காரரு கப்பல்ல வர்றாரா, நீந்தி வர்றாரா?" என்று மண்டோர் குழாயடியில் எல்லார் எதிரிலும் கேட்பார்.

"கேஸ் முடிஞ்சதும் வந்துருவாருண்ணே. லெட்டர் போட்டிருக்காரு" என்பாள் அம்மா, குடத்தை நகர்த்திக்கொண்டே.

லெட்டர் என்பது அப்போது ஒரு வீட்டுச் சமாசாரம் மட்டும் இல்லை. கடிதங்கள் எல்லாம் முனையில் இருந்த நானா கடை விலாசத்துக்கு வரும். நானா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த முஸ்லிம் கடைக்காரர் அவற்றை அரிசி மூட்டையின்மேல் வைத்துவிட்டு, லைன் பிள்ளை யார் போனாலும் கொடுத்தனுப்புவார். ஒரு வீட்டுக்குக் கடிதம் வந்தால் அன்று சாயங்காலம் நாலைந்து வீட்டார் அந்த அறை வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் மழை உண்டா, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் இன்னாருக்கு என் வணக்கம், இன்னாரைக் கேட்டதாகச் சொல்லவும் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். தன் பெயர் வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். பெயர் விட்டுப்போனவர் மறுநாள் அம்மாவோடு சரியாகப் பேசமாட்டார்.

அப்பா யார் பெயரையும் விடமாட்டார். இடம் போதாமல் ஓரத்தில் குறுக்காக எழுதுவார். முக்கியமாகப் பக்கத்து அறைப் பெரியப்பாவுக்கு. சொந்தம் இல்லை. அவருடைய மனைவிக்கு, அதாவது பெரியம்மாவுக்கு, அப்பாவின் ஊருக்கு அடுத்த ஊர். அந்த ஒட்டுதலில் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். பெரியப்பாவுக்கு ஓயாத இருமல். ஆவணி பிறந்து சில நாளில் அந்த இருமல் அவரைக் கொண்டுபோய்விட்டது. சாவுச் செய்தியை அப்பாவுக்கு என் கையால்தான் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு கடிதம் வந்தது. நலம், இங்கே வேலை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன். அவ்வளவுதான். பெயர் வரிசை இல்லை. "யாருக்கும் ஒண்ணும் எழுதலையா?" என்று வாசலில் உட்கார்ந்திருந்த ஒருத்தி கேட்டாள். நான் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்கப்புறம் நான் சனிக்கிழமைதோறும் கடைக்குப் போய் நின்றதுதான் மிச்சம்.

"இல்ல பாப்பா. வந்தா நான் வச்சு ஊறுகாயா போடப் போறேன்?" என்று முதலில் சிரித்துக்கொண்டு சொன்ன நானா, போகப் போக என்னைப் பார்க்காமலே, "அடுத்த வாரம் வரும் லா, போ" என்று கையில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்து அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் எங்கள் மிஸ் அந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார். பாடத்தில் சுரங்கம் தோண்டுகிறவர்கள் கதை ஒன்று வந்தது. அதில் பீட்டர் அவுட் என்று ஒரு வினை. எங்கள் பள்ளித் தோட்டக்காரர் பெயரும் பீட்டர். நாங்கள் எல்லாரும் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துச் சிரித்தோம். மிஸ் கோபிக்கவில்லை. கரும்பலகையில் ஒரு மலை வரைந்தார். மலைக்குள் கை அகலத்துக்கு ஒரு தங்கக் கோடு போட்டார். அது உள்ளே போகப் போக விரல் அகலம், பிறகு நூல், பிறகு புள்ளி, பிறகு வெறும் பாறை.

"இந்த எடத்துலதான் முடிஞ்சுதுன்னு யாராவது கோடு போட முடியுமா?" என்று கேட்டார். ஒவ்வொருத்தியும் எழுந்து போய் ஒவ்வோர் இடத்தில் விரல் வைத்தோம். அதுதான் அந்த வார்த்தை என்றார். வெட்டினால் முடிவது இல்லை, உடைந்தால் முடிவது இல்லை, யாரும் முடித்துவைக்காமல் தானாக இல்லாமல் போவது.

அது எங்கிருந்து வந்தது என்றும் சொன்னார். அமெரிக்காவில் தங்கம் தேடிப் போனவர்கள் பேசிய பேச்சு, அந்தமட்டில் தெரியும். ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. பாறையைத் தகர்க்கிற வெடிமருந்தில் ஓர் உப்பு உண்டு, அதன் இங்கிலீஷ் பெயரின் வால்தான் இது என்பார் சிலர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தது என்பார் சிலர். மிஸ் வேதக்காரர். அவருக்குப் பிடித்தது மூன்றாவது கதை. யேசுவின் சீடர் பீட்டர், உயிர் போனாலும் உம்மை விடமாட்டேன் என்றவர், யேசுவைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில் அந்த ஆளை எனக்குத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னாராம். அவருடைய தைரியம் போன மாதிரிப் போவதால் அந்தப் பெயர். "ஆனா யாருக்கும் நிச்சயமாத் தெரியாது" என்று முடித்தார். சமீபத்தில் என் மகனை விட்டுப் பெரிய அகராதியில் பார்க்கச் சொன்னேன். இத்தனை வருஷத்துக்கப்புறமும் அதிலும் தோற்றம் தெரியவில்லை என்றுதான் போட்டிருக்கிறதாம்.

அந்தச் சீடர் பிற்பாடு அழுது, திரும்பி வந்து, பெரிய மகான் ஆகிவிட்டார் என்றும் மிஸ் சொன்னார். நான் வேறு சாமி கும்பிடுகிறவள், குறை சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தவருடைய பெயரை எடுத்துத் திரும்பாததற்கு வைத்துவிட்டார்களே என்று இப்போதும் எனக்குத் தோன்றும்.

வீட்டுப் பாடம் அந்த வினையை வைத்து ஒரு வாக்கியம். சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன். "கொஞ்சங் கொஞ்சமாக் கொறைஞ்சு இல்லாமப் போறது என்னம்மா?"

"நம்ம கொழாய்த் தண்ணி" என்றாள். "மத்தியானம் ஆனா நூலா வரும், அப்பறம் சொட்டும், அப்பறம் காத்துதான்."

நல்ல வாக்கியம்தான். ஆனால் நான் கெட்டிக்காரி அல்லவா? ஸ்டூல் போட்டு ஏறி, படத்துக்குப் பின்னாலிருந்து கடிதங்களை எடுத்து, மாசி முதல் வரிசையாகப் பாயில் அடுக்கினேன். முதல் கடிதத்தில் ஊசி குத்த இடமில்லை. வைகாசி, ஆனி வரை ஓரத்திலும் எழுத்து. ஆடியில் ஒரு பக்கம். கடைசியில் தீபாவளிக் கடிதம், இரண்டே வரி. மிஸ் கரும்பலகையில் போட்ட படம் அப்படியே என் பாயில் கிடந்தது. தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். தேய்வது என்றால் நிலா. அது மறுபடி வளரும். வற்றுவது என்றால் குளம். மழை வந்தால் நிரம்பும். சாயம் போவது என்றால் துணியாவது மிஞ்சும். எதுவும் சரியாக உட்காரவில்லை. மை ஃபாதர்ஸ் லெட்டர்ஸ் பீட்டர்ட் அவுட் என்று நோட்டில் எழுதினேன். அது பொருத்தமாக உட்கார்ந்துவிட்டது. சந்தோஷமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், சந்தோஷமாகத்தான் இருந்தது.

மிஸ் அதற்குச் சரி போட்டார். வகுப்பில் மற்றவர்களுடையதை எல்லாம் உரக்கப் படித்தவர் என்னுடையதை மட்டும் படிக்கவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தபோது என் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்தார். முதல் பரிசு வாங்கியவள்போல வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அர்த்தம் சொன்னேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. "அதை யாரெல்லாம் படிச்சாங்க?" என்று கேட்டாள்.

"மிஸ் மட்டும்."

"நீ எப்பலேர்ந்து கண்டுபிடிச்ச?"

"அடுக்கி வச்சுப் பார்த்தேம்மா. தெரிஞ்சுது."

"பத்து வயசுக் கழுதைக்கே தெரிஞ்சிருக்கு. அப்ப லைன்ல எல்லாருக்கும்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள், என்னிடம் இல்லை, வெங்காயத்திடம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கடிதத்தை உருவினாள். ஆனி மாதக் கடிதம். தை பிறந்ததும் கப்பலேறிவிடுவேன் என்று அப்பா எழுதியிருந்தது அதில்தான்.

திட்டம் இதுதான். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. கடிதம் வந்திருக்கிறது என்று அம்மா குழாயடியில் சொல்லுவாள். சாயங்காலம் மண்டோரையும் கூப்பிடுவாள். மண்டோருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனியில் அதைக் கேட்டது இரண்டு மூன்று பெண்கள்தான், நினைவிருந்தாலும் அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்று அம்மா நம்பினாள். நான் ஆனி மாதக் கடிதத்தைப் புதுக் கடிதமாகப் படிக்க வேண்டும். தை பிறக்க ஒன்றரை மாதம்தான் இருந்தது. அதுவரை அறை நிலைக்கும். அதற்குள் அவர் வந்தாலும் வருவார், அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தாலும் கிடைக்கும்.

"பொய் சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா சொல்லுவ?"

"எல்லாம் ஒங்கப்பா எழுதுனதுதானே? ஆனின்னு வர்ற எடத்துல கார்த்திகைன்னு படி. பெரியப்பா பேரு வரிசையில வரும், அதைத் தாண்டிரு. அவ்வளவுதான்."

தாண்டுவது பொய் ஆகாது, ஆனியைக் கார்த்திகை என்பது மட்டும்தான் பொய் என்று நான் தீர்மானித்தேன். அம்மன் கோவில் பிள்ளையாருக்குப் பதினொரு தோப்புக்கரணம் போட்டால் ஒரு பொய் கழியும் என்பது எங்கள் லைன் பிள்ளைகளிடையே இருந்த கணக்கு. வழக்கமாகப் பொய் சொன்ன பிறகு போடுவோம். நான் ஞாயிறு காலையிலேயே போய் முன்கூட்டிப் போட்டுவிட்டு வந்தேன். குருக்கள் என்னைப் பார்த்து, "பரீட்சையா குழந்தே?" என்று விபூதி கொடுத்தார்.

அம்மா என்னை மூன்று தடவை படிக்க வைத்துக் கேட்டாள். மூன்று தடவையும் ஒரு பிசகும் இல்லை. ஆனால் இரண்டு பேருமே ஒன்றைக் கவனிக்கவில்லை. ஆனியில் அந்தக் கடிதம் வந்த அன்று அம்மா குழாயடியில் இருந்தாள். ஓரத்தில் குறுக்காக எழுதியிருந்ததை நான் பக்கத்து அறைக்குப் போய்ப் பெரியப்பாவிடம் மட்டும்தான் படித்துக் காட்டினேன். அம்மா அதைக் கேட்டதே இல்லை. அவள் மனப்பாடத்தில் அந்த வரி கிடையாது. எனக்கும் கடிதத்தை நேராகப் பிடித்துப் படித்த பழக்கத்தில் ஓரம் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் மழை விட்டிருந்தது. மண்டோர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அம்மா அவருக்குக் கோப்பி கொடுத்தாள். லைன் பெண்கள் ஐந்தாறு பேர் தரையில். பெரியம்மா வெள்ளைப் புடவையோடு எல்லாருக்கும் பின்னால், கதவோரமாக நின்றாள். பெரியப்பா போனதிலிருந்து அவள் எங்கேயும் முன்னால் வந்து உட்காருவதில்லை. என் குட்டித் தம்பி அம்மா மடியில் தூங்கினான்.

"இவ்விடம் நானும் சுற்றத்தாரும் நலம். அவ்விடம் உங்கள் நலம் அறிய ஆவல்" என்று ஆரம்பித்தேன். குரல் நன்றாகவே இருந்தது. கார்த்திகை என்று சொல்ல வேண்டிய இடத்தில் கார்த்திகை என்று சொன்னேன். கேஸ் வாய்தா, மாடு கன்று போட்டது, தை பிறந்ததும் கப்பலேறிவிடுவேன், எல்லாம் வந்தது. பெயர் வரிசையில் பெரியப்பாவை ஊசியில் நூல் கோப்பதுபோலக் கவனமாகத் தாண்டினேன். மண்டோருக்கு வணக்கம் வந்ததும் அவர்கூடச் சற்று நிமிர்ந்தார். "முடிஞ்சுது" என்று மடிக்கப் போனேன்.

"இரு இரு" என்றார் மண்டோர். படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு எழுத்து இருக்கிற இடமாவது தெரியாதா? குனிந்து ஓரத்தில் விரல் வைத்தார். "இது என்ன, குறுக்கால ஓடுது? இதை விட்டுட்டியே, பாப்பா."

கடிதத்தைப் பக்கவாட்டில் திருப்பினேன். அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாது. "படியேன்" என்றாள்.

வேறு எதையாவது இட்டுக்கட்டியிருக்கலாம். எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும் என்றால் போதும். அது தெரியாதவள் இல்லை நான். ஆனால் காலையில் நான் போட்டது ஒரு பொய்க்கான பதினொன்று. அந்த ஒன்றைக் கார்த்திகையில் செலவழித்துவிட்டேன். முருகன் நேர் எதிரே சுவரில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு பொய் சொன்னால் தை மாதம் அப்பா ஏறுகிற கப்பலுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நான் நிஜமாகவே பயந்தேன்.

இருந்ததைப் படித்தேன். "பக்கத்து அறை அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கிறது? ராத்திரியில் கசாயம் போட்டுக் குடிக்கச் சொல்லவும். நான் வரும்போது நம்ம ஊர்ச் சுக்கு கொண்டுவருகிறேன் என்று சொல்லவும்."

அம்மா தம்பியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"யாருக்குச் சுக்கு?" என்றார் மண்டோர். கோப்பி டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தார். "செத்து மூணு மாசம் ஆன மனுசனுக்கா? ஏம்மா, இது எப்ப வந்த லெட்டரு? குடு இங்க. நானா கடையில காட்டி முத்திரையைப் படிச்சுட்டு வர்றேன்." கையை நீட்டினார். நான் கடிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது கதவோரத்திலிருந்து பெரியம்மா பேசினாள். "அவருக்குத் தெரியாதுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"எங்க வீட்டுக்காரரு போனதை எழுத வேணாம்னு நான்தான் சொன்னேன். கடல் தாண்டி கேஸும் கையுமா அலையுற மனுசன். கூடப்பொறந்த அண்ணன் மாதிரி நெனைச்சுக்கிட்டிருந்தவரு. வந்தப்பறம் தெரிஞ்சுக்கட்டும்னு நான்தான் தடுத்தேன். அவரு பாட்டுக்கு உசுரோட இருக்காருன்னு நெனைச்சுச் சுக்கு வாங்கி வச்சிருக்காரு." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

வெளிநாட்டில் இருக்கிறவருக்குச் சாவுச் செய்தியை மறைப்பது எங்களிடையே உள்ள வழக்கம்தான். மண்டோர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். தாலி அறுத்து மூன்று மாதம் ஆனவளிடம் முத்திரையைக் காட்டு என்று எப்படிக் கேட்பார்? எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "சரி, தை வரைக்கும் பார்ப்போம். தையில ஆளு வரலைன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது, சொல்லிட்டேன்" என்று போனார். அவர் பின்னால் மற்றவர்களும் போனார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவை நாங்கள் எழுதியிருந்தோம், என் கையாலேயே எழுதினேன், பெரியம்மாவுக்கும் அது தெரியும். எங்களுக்காக இவ்வளவு பெரிய பொய்யைத் தோப்புக்கரணம்கூடப் போடாமல் சொல்லிவிட்டாளே என்று அவள்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது. அம்மா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா இடத்தைவிட்டு அசையவில்லை.

பெரியம்மா மட்டும் போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இனிமே இந்த லெட்டரைப் படிக்க வைக்காத தங்கச்சி" என்றாள் தணிந்த குரலில். "எனக்கு ஊர்லேர்ந்து லெட்டர் நிக்கல. மாசாமாசம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. நானா கடையிலயே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்."

அம்மா தம்பிமேல் கிடந்த துணியை இழுத்துச் சரியாகப் போர்த்தினாள். பிறகு, "எப்பலேர்ந்து?" என்றாள்.

"ஆவணியில. அவருக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியறதுக்குள்ள அந்த லெட்டர் வந்துச்சு. நான் எதுக்குன்னு அழுவேன் சொல்லு. யார்கிட்டன்னு சொல்லுவேன்."

"பொண்ணு யாரு?"

பெரியம்மா கதவுப் பலகையை நகத்தால் கீறினாள். "எங்கண்ணன் மக. சத்தியமா எனக்கு முன்னாடி தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா? நிலத்தைப் பேசி முடிக்கிறோம்னு பொண்ணையும் பேசி முடிச்சுட்டாங்க."

எனக்குக் கல்யாணம் என்றால் உயிர். பெரியம்மா வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது, பெரியப்பா செத்த துக்கத்தில் அதை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறாள், அதுதான் இப்படி அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கும் எழுத்துத் தெரியாது. நான் எழுந்து போய் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணமா பெரியம்மா? அந்த லெட்டரை எடுத்துக்கிட்டு வாங்க, நான் சத்தமாப் படிச்சுக் காட்டறேன்" என்றேன்.

அம்மா எழுந்த வேகத்தில் தம்பி பாயில் உருண்டான். கன்னத்தில் விழுந்த அறையில் எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்கு முன்னால் அவள் என்னை அடித்ததில்லை. பெரியம்மா என்னை அணைக்கக் கை நீட்டினாள். அம்மா என்னைப் பிடித்துப் பின்னால் இழுத்து, "எம் பிள்ளையத் தொடாதீங்க" என்றாள்.

பெரியம்மா நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டு போனாள்.

லைனில் சில கிழவிகள் விதவையின் கை குழந்தைமேல் படக்கூடாது என்பார்கள். விடியற்காலையில் பெரியம்மா எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் அம்மா அப்படிப்பட்டவள் இல்லை. பெரியப்பா போன பிறகும் அவள் கையால் தம்பிக்குச் சோறு ஊட்டச் சொன்னவள். அவளே இப்படிச் சொல்லிவிட்டாளே, அதுவும் எங்களைக் காப்பாற்றின அன்றைக்கே சொல்லிவிட்டாளே என்று நான் இரவெல்லாம் அவமானத்தில் புழுங்கினேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செய்நன்றி கெட்டவள் என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். முருகனிடம் அவளை மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் அவள் குழாயடிக்குப் போன நேரம் பார்த்துப் பக்கத்து அறைக்குள் நுழைந்தேன். பெரியம்மா தரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷிபோல அவள் எதிரில் நின்று, "எங்கம்மா பேசுனது தப்பு பெரியம்மா. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றேன்.

அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படி அழுதாள். நானும் அழுதேன். என் கன்னத்தில் விரல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். பிள்ளைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தேடியிருப்பாள். அலமாரியில் ஒரே ஒரு டின் இருந்தது. அதைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே பொரிவிளங்காய் உருண்டைகள். கப்பலில் வந்த யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது என்று அவளாகவே சொன்னாள். பல்லில் கடிபடாத உருண்டை. வாயில் ஒதுக்கிக்கொண்டு, சுக்கும் வெல்லமும் கரையக் கரைய, இத்தனை ருசியான பலகாரம் ஊரில் எந்த விசேஷத்துக்குப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். பெரியம்மா டின்னின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினாள்.

தம்பிக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.